சங்குக் காகிதம்

காகிதத்துக்கு ஏசி போட்டிருந்தார்கள். மனுசன் உட்காருகிற கூடத்தில் காத்தாடி, சுற்றலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்துச் சுற்றிக்கொண்டிருந்தது. சந்தியாகு நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் வரிசையாக நின்ற பீரோக்களைப் பார்த்தார். எல்லாம் சாம்பல் நிறம். எல்லாவற்றிலும் ஒரே அளவில் சீட்டு ஒட்டி, சீட்டில் ஏதோ எண் போட்டிருந்தது. தங்கச்சிமடத்துக் கல்லறையில்கூட இத்தனை ஒழுங்கு கிடையாது என்று நினைத்தார். அங்கே யாராவது ஒருத்தர் சிலுவை கோணிக்கொண்டுதான் நிற்கும்.

"டீ சொல்லவாண்ணே? இல்ல, சர்பத்து?" என்றார் சதக்கத்துல்லா.

"ஒண்ணும் வேணாம் பாய். வந்த காரியத்தச் சொல்லிர்றேன்."

சொல்லிவிடுகிறேன் என்றாரே தவிர, வாய் திறக்கவில்லை. காலையில் தங்கச்சிமடத்தில் பஸ் ஏறியதிலிருந்து வார்த்தைகளை அடுக்கிக்கொண்டுதான் வந்தார். ராமநாதபுரத்தில் இறங்கிக் கீழக்கரை பஸ் மாறியபோதே பாதி உதிர்ந்துவிட்டது.

கீழக்கரையில் காகிதக்கார பாய் வீடு என்றால் யாரும் கை காட்டுவார்கள். கொழும்பில் கடை வைத்து நன்றாக இருந்த மனுசன். கடையை மகனிடம் விட்டுவிட்டு ஊருக்கு வந்து, இருக்கிற சொத்தையெல்லாம் குப்பையில் கொட்டுகிறார் என்று சொந்தக்காரர்களே சொன்னார்கள். ஜமீன் உத்தரவு, கப்பல்காரர் கணக்கு, ரங்கூன் போனவன் பெண்டாட்டிக்கு எழுதிய கடிதாசி, நூறு வருசத்துக் கல்யாணப் பத்திரிகை, செத்துப்போன துரைகளின் கையெழுத்து, எதையும் விடமாட்டார். எவன் வீட்டுப் பரணில் கறையான் அரிக்கிறது என்று மோப்பம் பிடித்துப் போய்விடுவார். படித்தவர்கள் மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்களாம். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று சந்தியாகுவுக்கு விளங்கியதில்லை. அவர் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பார். அதற்கு மேல் எழுத்தோடு அவருக்குச் சகவாசம் இல்லை. எழுத்தைக் கொண்டு வீட்டு வாசலுக்கு வந்தவன் எவனும் நல்லது செய்ததாகவும் ஞாபகம் இல்லை.

அவருடைய பாட்டன் சங்கு குளிக்க ஆள் கூட்டிப் போகிற தலைவராக இருந்தவர். அந்தக் காலத்துக் காகிதங்கள் ஒரு தகரப் பெட்டி நிறையக் கிடந்தன. மகன் சகாயவினோத்தான் அந்தப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து இங்கே சேர்த்தான். ஆறு வருசம் இருக்கும். "நம்ம வீட்டுல இருந்தா கரப்பான் திங்கும்ப்பா. அங்கன கண்ணாடிக்குள்ள இருக்கும்" என்றான். சந்தியாகு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். காசு வாங்கக் கூடாது, எழுதிக் கொடுக்கவும் கூடாது. காசு வாங்கினால் விற்றதாகிவிடும், எழுதிக் கொடுத்தால் நமக்கு இல்லையென்றாகிவிடும். அப்படியே ஆயிற்று. அதற்கப்புறம் கரையில் படகு நிற்கிற நாட்களில் மகன் இங்கே வந்து போய்க்கொண்டிருந்தான். பாய் அவனை உட்காரவைத்துப் பாட்டன் காகிதத்தைப் படித்துக் காட்டுவாராம். வீட்டுக்கு வந்து அதையே அவன் அம்மாவுக்குக் கதையாகச் சொல்வான்.

"தம்பி போன சேதி கேட்டதும் நான் வந்துருக்கணும்ணே" என்றார் பாய். "இந்த முட்டு வலி என்னைய வாசல் தாண்ட விடல. மய்யித்து... கடைசி வரைக்கும் கெடைக்கலையா?"

"கெடைக்கல."

இரண்டு வருசம் முந்தி ஒரு ஆடிக் காற்றில் விசைப்படகு கவிழ்ந்தது. போன நான்கு பேரில் இரண்டு பேர் நீந்திக் கரை சேர்ந்தார்கள், ஒருவனை அலை கொண்டுவந்து போட்டது. சகாயவினோத்தைக் கடல் வைத்துக்கொண்டது. கோவிலில் பூசை வைத்தார்கள். சவப்பெட்டி இல்லாத பூசை. சாமியார் தீர்த்தம் தெளிக்க இடம் தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார்.

சந்தியாகு மூச்சை இழுத்துக்கொண்டார். "எங்க வீட்டுல அவளுக்கு ஒரு பக்கம் விழுந்துருச்சு பாய். டாக்டரு வீட்டுக்குக் கொண்டு போங்கன்னுட்டான். அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவ ஒண்ணு கேக்குறா. அந்தப் பெட்டியில ஒரு காகிதம். பின்னாடி எம்மவன் கையெழுத்துப் போட்டது. அது வேணுமாம். அவ பெட்டிக்குள்ள வச்சுப் பொதைக்கணுமாம்."

பாய் கண்ணாடிக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுவத்திய ஏந்திக்கிட்டுப் போகுது. நாங்க எங்கன கொண்டு போயி ஏத்துறது? கடல்ல ஏத்த முடியுமா? அவ கூட அது கெடந்தா, சிலுவையில அவன் பேரையும் எழுதலாம்ங்கிறா. மண்ணுக்குள்ள அவன் இருக்கான்னு ஆகும்ல."

"தம்பி சட்டை, கிட்டை..."

"நானும் அதான் சொன்னேன். சட்ட கடையில தச்சது, போட்டோ எவனோ புடிச்சது, அது அவன் கையால பண்ணதுங்கிறா. அவ காலடியில உக்காந்து போட்டதாம். கோவில் புத்தகத்துல அவன் கல்யாணக் கையெழுத்து இருக்கு. அதக் கிழிச்சா தருவாக?"

பத்தாவது பரீட்சைச் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும், பழகிக்கொண்டு வாருங்கள் என்று வாத்தியார் சொல்லிவிட்டிருந்தார். பயல் கையில் அகப்பட்ட தாளை எடுத்து, புது மசிப்பேனாவால் ஒரே ஒரு தடவை போட்டான். அது பாட்டன் காகிதம் என்று அவன் அம்மா மிக்கேலம்மாள் பதறிப் பிடுங்கிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். நடந்தது அவ்வளவுதான். வலையைத் தைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்த சந்தியாகுவுக்கு அந்த நாள் தனியாக ஞாபகத்திலேயே இல்லை. அவள்தான் சொல்லிச் சொல்லி அவருக்கும் ஞாபகமாக்கினாள்.

பாய் எழுந்து கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே போனார். குளிர் ஒரு வீச்சு வந்து சந்தியாகுவின் முகத்தில் பட்டது. ஒரு உறையோடு திரும்பி வந்து மேசைமேல் வைத்தார். உள்ளே பழுப்புத் தாள். முன்பக்கம் அச்சும் எழுத்துமாக ஏதோ இங்கிலீசு, கீழே கறுப்பில் சாய்ந்த ஒரு கையெழுத்து. பாய் அதைப் புரட்டினார். நடுவில், பரந்த வெற்றிடத்தில், நீலத்தில் ஒரு பெயர்.

"அண்ணே, இத எப்புடி நான் குடுப்பேன்? முன்பக்கம் கையெழுத்துப் போட்டுருக்காரே தொர, அவரு இந்தக் கரைக்கு வந்து மூணு மாசத்துல காலராவுல போயிட்டாரு. அவரு கைபட்டது உலகத்துல வேற எங்கயும் இல்ல. நானும் எங்கெங்கயோ எழுதிக் கேட்டுட்டேன். இது ஒண்ணுதான் அவரு இருந்தாருங்கிறதுக்கு."

"அவருக்குக் கல்லற இருக்கா?"

"இருக்கு. பழைய மாதா கோவிலு காம்பவுண்டுல. நான் போயிப் பாத்துருக்கேன்."

"அப்ப அவருக்கு என்ன கொற?"

பாய் தாடியைத் தடவினார். பிறகு மெதுவாக, "கலர்ல ஒண்ணு எடுத்துத் தாரேன். இந்த மடிப்பு, இந்தக் கறை எல்லாம் அச்சா வரும். பக்கத்துல வச்சா எனக்கே சொல்ல முடியாது. அம்மா கண்ணுக்கு..."

"எம்மவன் மாதிரியே அச்சா ஒருத்தனக் கொண்டாந்து நிப்பாட்டுனா, அவ மகன்னு ஏத்துக்குவாளா பாய்?"

பாய் உறையை எடுத்துக்கொண்டு திரும்பவும் உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளே ஒரு மிசின் உறுமியது. கண்ணாடிக்குப் பின்னால் பச்சையாக ஒரு வெளிச்சம் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஊர்ந்தது. நின்றது. மறுபடி ஊர்ந்தது. அப்புறம் வேறொரு மிசின் டக்டக்கென்று எதையோ துப்பியது. சந்தியாகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த மாதிரிச் சத்தம் அவருக்குத் தெரியும். கடலுக்குப் போக டோக்கன் கொடுக்கிற ஆபீசுக்குப் பக்கத்துக் கடையில் ஆதார் அட்டையை நகலெடுக்கும்போது வரும் சத்தம்.

பாய் வெளியே வந்தபோது உறை கையில் இருந்தது. கண் சிவந்திருந்தது. ஏசிக் குளிரில் சிவந்ததாகவும் இருக்கலாம்.

"எடுத்துட்டுப் போங்கண்ணே. நகலு நான் வச்சுக்கிட்டேன். எனக்கு அது போதும்."

நீட்டினாரே தவிர உடனே விடவில்லை. இரண்டு பேர் கையும் உறையில் கொஞ்ச நேரம் இருந்தது. சந்தியாகு அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தார். திறந்த கதவு வழியே உள்மேசையில் இன்னொரு தாள் கிடந்தது. அதே பழுப்பு, அதே மடிப்பு, அதே மூலையில் அதே கறை.

வாசல் வரைக்கும் பாய் நொண்டிக்கொண்டே கூட வந்தார். தாள் கிழியாமல் இருக்க இருபக்கமும் வலைத்துணி மாதிரி மெல்லிசாக ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன், பூச்சிக்கு மருந்து போட்டிருக்கிறேன், அந்தக் காலத்து மசி வேறு, இந்தக் காலத்து மசி வேறு, பார்த்துப் பத்திரமாக என்று என்னவோ சொல்லிக்கொண்டு வந்தார். சந்தியாகு காதில் எதுவும் ஏறவில்லை. மேசையில் கிடந்த அந்தத் தாள் மட்டும் கண்ணில் நின்றது.

ராமநாதபுரம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர், காலுக்கிடையில் கொண்டைச் சாவல் ஒன்றைக் கட்டிப் போட்டிருந்தார். மூக்கையா என்று பேர் சொன்னார், கேட்காமலே. உறையை எட்டிப் பார்த்து, "என்னண்ணே, பத்திரமா?" என்றார்.

"பழைய காகிதம்."

"சூதானமா இருங்க. எங்க மச்சினன் ஒருத்தன் அசலுன்னு நம்பி ஒரு பத்திரத்த வாங்கி, ஏழு வருசமா கோர்ட்டுக்கு நடக்குறான். தேஞ்சது செருப்பா அவனான்னு தெரியல. இப்பல்லாம் கலர் மிசின்ல பொண்டாட்டியக்கூட நகல் எடுத்துருவாய்ங்க."

சந்தியாகு சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும், எப்போதும் யாரிடமும் எதையும் சொல்லாத மனுசன், தன் வாயாலேயே கேட்டார். "ஒருத்தங்கிட்ட அசலும் இருக்கு, நகலும் இருக்கு. நமக்குச் சும்மா குடுக்குறான். எதக் குடுப்பான்?"

மூக்கையா அவரை ஒரு மாதிரி பார்த்தார். "அசலக் குடுத்துட்டு நகல வச்சுக்கிறதுக்கு அவன் என்ன கிறுக்கனாண்ணே?"

சாவல் ஒரு தடவை இறக்கையை அடித்துக்கொண்டு அடங்கியது.

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில், தங்கச்சிமடம் வழியாகப் போகிற ராமேஸ்வரம் பஸ் வர நேரமிருந்தது. சந்தியாகு தூண் ஓரத்துச் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்து தாளை வெளியே எடுத்தார். முகர்ந்து பார்த்தார். பாட்டன் பெட்டியைத் திறந்தால் ஒரு நாற்றம் வரும்; தகரமும் பாச்சா உருண்டையும் மீனெண்ணெயும் சேர்ந்த நாற்றம். இதில் அது இல்லை. ஆஸ்பத்திரி வாடை அடித்தது. தடவிப் பார்த்தார். பழைய தாள் தொட்டால் அப்பளமாக நொறுங்கும். இது வழுவழுவென்று வளைந்துகொடுத்தது. முன்னும் பின்னும் வெயிலில் பிடித்துப் பார்த்தார். அவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்ததுதான் அவரை உறுத்தியது.

அழுதமாதிரி வந்தானே அந்தக் காகிதக்காரன். விடமாட்டாதவன் மாதிரி பிடித்துக்கொண்டு நின்றானே. கிழவனுக்கு எழுத்துத் தெரியாது, கிழவி கண்ணுக்குப் புரை, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்திருப்பான். நாளைக்கு அவளைக் குழிக்குள் இறக்கும்போது கூடப் போவது கீழக்கரை மிசின் துப்பியதா? மகன் குளிர் அறையில் எண் போட்ட பீரோவுக்குள் கிடக்க, அவன் அம்மா மிசின் காகிதத்தைக் கட்டிக்கொண்டு மண்ணுக்குள் கிடப்பாளா?

மசியைப் பற்றி அவருக்கு ஒன்று தெரியும். கடலில் நனைந்த காகிதத்தை அவர் எத்தனையோ பார்த்திருக்கிறார். பேனாவால் எழுதியது கரைந்துவிடும். மிசினில் அடித்தது தாள் கூழாகிற வரைக்கும் நிற்கும். அவர் பெருவிரலை நாக்கில் தொட்டார். முதலில் துரையின் கையெழுத்தில், ஓரமாக, வாலில் வைத்துத் தேய்த்தார். மகன் எழுத்தைத் தொட மனசு வரவில்லை. தேய்த்துவிட்டுக் குனிந்து பார்த்தார். கறுப்பு அசையவில்லை. மறுபடி எச்சில் தொட்டு அழுத்தித் தேய்த்தார். ஒரு மயிரளவுகூட அசையவில்லை.

நூறு வருசத்து மசி கரையாமல் நிற்குமா? மிசின்தான்.

திரும்பிப் போய் அந்த வீட்டுக் கண்ணாடிக் கதவைக் கல்லால் அடித்து உடைக்க வேண்டும் போலிருந்தது. தாளைப் புரட்டி மடியில் வைத்தார். உள்ளங்கையில் துப்பினார். இனி எதற்குப் பார்க்க வேண்டும் என்ற கோபத்தில், பெருவிரலை நனைத்து அந்த நீலப் பெயரின்மேல், அடுப்படித் தரையில் கறையைத் துடைப்பதுபோல, இப்படியும் அப்படியும் தேய்த்தார்.

நீலம் ஓடியது.

முதலில் எழுத்துகளின் இடுக்கு நிறைந்தது. அப்புறம் எழுத்தே தளர்ந்து ஒன்றோடொன்று சாய்ந்தது. அவர் கையை எடுத்தபோது பெயர் இருந்த இடத்தில் நீலமாக ஒரு குட்டை. வேட்டி நுனியால் ஒற்றி எடுக்கப் பார்த்தார். அது இன்னும் கொஞ்சத்தைக் கொண்டுபோயிற்று. ஊதினார். வாயைக் குவித்து, பிள்ளையின் கண்ணில் விழுந்த தூசியை ஊதுவதுபோல, விடாமல் ஊதினார்.

அசல்.

பாய் அசலைத்தான் கொடுத்திருந்தார். அந்தக் காலத்து மசி வேறு, இந்தக் காலத்து மசி வேறு என்று வாசலில் அவர் சொன்னது இப்போதுதான் காதில் ஏறியது.

பக்கத்தில் பூக்காரி ஒருத்தி, "என்ன பெரியவரே, தண்ணி கொட்டிருச்சா?" என்றாள். அவர் தலையை ஆட்டினார். ராமேஸ்வரம் பஸ் வந்தது, ஆட்கள் ஏறினார்கள், போயிற்று. அடுத்ததும் போயிற்று. மூன்றாவதில் நடத்துநர் சத்தம் போட்டு அழைத்ததால் ஏறினார். தாள் காயட்டும் என்று உறையில் போடாமல் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிக்கெட்டுக்குக் காசு எடுக்கக்கூட அவர் கையை விடவில்லை. சட்டைப் பையிலிருந்து நடத்துநரே எடுத்துக்கொண்டார்.

வீட்டில் மருமகள் லிண்டா, மாமியாருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். மிக்கேலம்மாள் வாயின் ஒரு ஓரத்தில் வழிந்ததைச் சேலை நுனியால் துடைத்தாள். காலடிச் சத்தத்துக்குக் கிழவியின் தலை திரும்பியது.

"வாங்கிட்டு வந்தீகளா?" பேச்சு குழறியது. ஆனாலும் விளங்கியது.

"ம்."

"குடுத்தாகளா? அசலு?"

"அசலுதான்" என்றார் சந்தியாகு. அதை மட்டும் அவரால் உறுதியாகச் சொல்ல முடிந்தது.

லிண்டா கையைத் துடைத்துக்கொண்டு வந்து தாளை வாங்கினாள். அவள் அதைப் பார்த்ததே இல்லை. கல்யாணத்துக்கு முந்தியே போட்டது. கல்யாணம் முடிந்த கையோடு பெட்டி கீழக்கரைக்குப் போய்விட்டது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் புரட்டினாள். துரை கையெழுத்தைப் பார்த்தாள். திரும்பப் புரட்டினாள். வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி மாமனாரின் கையைப் பார்த்தாள். பெருவிரல் நகக்கண்ணிலும் ரேகையிலும் நீலம் இறங்கியிருந்தது. சந்தியாகு கையை மூடிக்கொண்டார்.

"என்னடி சத்தத்தக் காணோம்? இருக்கா?"

"இருக்கு அத்த" என்றாள் லிண்டா. தாளோடு கட்டில் பக்கம் வந்தாள். "அவுக எழுத்துதான்."

"எங்கன போட்டுருக்கான்? எங் கைய அதுமேல வையி."

லிண்டா கட்டிலில் உட்கார்ந்து, அசைகிற அந்த ஒரு கையை எடுத்து, விரலைப் பிடித்து, நீலத்தின்மேல் வைத்தாள். நனைந்து காய்ந்ததில் தாள் அந்த இடத்தில் மட்டும் சுருங்கி மேடு தட்டியிருந்தது. மிக்கேலம்மாளின் விரல் அந்த மேட்டில் ஏறி இறங்கியது. மறுபடி ஏறி இறங்கியது. நல்ல பக்கத்து முகத்தில் சிரிப்பு போல ஒன்று வந்தது.

"அழுத்திப் போட்டுருக்கான் பாத்தியா" என்றாள். "சின்னதுலயே அப்படித்தேன். பேனா முள்ளு ஒடஞ்சு போகும்."

லிண்டா, "ஆமா அத்த" என்றாள்.

சந்தியாகு அடுப்படியில் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். சூடைக் கருவாட்டுக் குழம்பு வாசம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து லிண்டா தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்துச் சோறு போட்டாள். தண்ணீர்ச் செம்பைச் சாய்த்துக் கை கழுவ நீட்டினாள். அவர் கையை நீட்டவில்லை. நீலம் இறங்கிய வலது கையை, தண்ணீர் பட்டுவிடாமல், மடிக்குள் வேட்டியில் பொதிந்து வைத்துக்கொண்டிருந்தார். செம்பிலிருந்து இரண்டு சொட்டுத் தரையில் விழுந்தது. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் சோற்றைப் பார்த்தார்.

அவள் செம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். கஞ்சி ஊட்டுகிற சின்னக் கரண்டியை எடுத்துவந்து, சேலையில் துடைத்து, தட்டின் விளிம்பில், அவருக்கு இடது கைப் பக்கமாக வைத்தாள். எதிரில் குத்த வைத்து உட்கார்ந்துகொண்டாள்.

உள்ளறையில் தாள் சரசரக்கிற சத்தம் கேட்டது. சந்தியாகு கரண்டியை எடுத்தார். பழகாத கை. முதல் வாய்ச் சோறு உதட்டுக்கு வருமுன்னே பாதி தட்டிலேயே விழுந்தது.